கணக்கன், கம்ப்யூட்டர், கீழைச் சிந்தனை

1

கீழைச் சிந்தனை என்ற சொல் நம்மிடையே பெரும்பாலும் ஒரு தற்காப்புச் சொல்லாகவே புழங்கிவந்திருக்கிறது. மேற்கிலிருந்து ஒரு புதுப் பொருள் வந்து இறங்கியதும், அது இங்கே முன்பே இருந்தது என்று காட்ட ஒரு சூத்திரத்தைத் தேடிப் புறப்படுகிறோம். விமானத்துக்குத் தேடினோம், அணுவுக்குத் தேடினோம், பிறகு கம்ப்யூட்டருக்கு.

1985-ல் நாஸாவின் எய்ம்ஸ் ஆய்வு மையத்தோடு தொடர்புடைய ரிக் பிரிக்ஸ் என்பவர் செயற்கை அறிவுத் துறைப் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் ஒரு வாக்கியத்தின் பொருளை வினையாகவும் அதைச் சுற்றி நிற்கும் காரகங்களாகவும் பிரித்து எழுதிக்காட்டிய முறைக்கும், பொருளைக் கம்ப்யூட்டரில் சேமிக்க அப்போது கையாளப்பட்ட வலைப்பின்னல் முறைக்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு என்பது அதன் சாரம். கட்டுரை கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தபோது, கம்ப்யூட்டருக்கு மிகப் பொருத்தமான மொழி சமஸ்கிருதம் என்று நாஸாவே தீர்ப்புச் சொல்லிவிட்டதாக ஆகிவிட்டது. தமிழர்கள் சும்மா இருப்பார்களா? தொல்காப்பியத்தை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள்.

இந்தக் கூச்சலுக்கு வெளியே பொறுப்பான வேலையும் நடந்திருக்கிறது. ஆல்கால் என்ற கம்ப்யூட்டர் மொழியின் இலக்கணத்தை எழுதுவதற்கு ஜான் பேக்கஸ் 1959-ல் ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். பீட்டர் நவுர் அதைச் செம்மை செய்தார். 1967-ல் இங்கர்மன் என்பவர், இதே ஆற்றலுள்ள முறையைப் பாணினி எப்போதோ கையாண்டுவிட்டார், ஆகவே அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சிறு கடிதம் எழுதினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் வினீத் சைதன்யாவும் ராஜீவ் சங்கலும் பாணினியின் காரகக் கோட்பாட்டைக் கொண்டு இந்திய மொழிகளிடையே எந்திர மொழிபெயர்ப்புக்கு வழி தேடினார்கள். 1995-ல் அது நூலாகவும் வந்தது. இவை மதிக்கத்தக்கவை. ஆனால் இவையெல்லாம் மொழி பற்றியவை. ஒரு தகவல் அமைப்பு என்பது மொழி மட்டுமல்ல. யாருக்கு என்ன தெரியும், அது எங்கே பதிவாகிறது, யார் அதைப் பார்க்கலாம், யார் திருத்தலாம், பிழை நேர்ந்தால் யார் முன் போய் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. இந்த ஏற்பாட்டில் நமக்கென்று ஒரு சிந்தனை இருந்ததா என்பதுதான் கேள்வி.

2

இக்கேள்வியை ஜப்பானியர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்பது நமக்கு உதவக்கூடும். இன்று உலகெங்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள் ‘ஸ்க்ரம்’ என்றும் ‘கான்பான்’ என்றும் பேசுகிறார்கள். முதலாவதற்கு விதை, ஹிரோதகா தகேயுசியும் இகுஜிரோ நொனாகாவும் 1986-ல் எழுதிய ஒரு கட்டுரை. புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை, ஜப்பானியக் கம்பெனிகளையே பெரும்பாலும் உதாரணமாகக் கொண்டு, அவர்கள் விவரித்திருந்தார்கள். கான்பான் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் பிறந்தது. ஒரு பிரிவுக்கு எப்போது, எவ்வளவு உதிரிப்பாகம் வேண்டும் என்பதை ஒரு அட்டை சொல்லும். அட்டை வராமல் பொருள் நகராது. இம்முறையை வளர்த்த தாயிச்சி ஓனோ, அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் தட்டு காலியானதும் மட்டும் பொருளை நிரப்பும் வழக்கத்திலிருந்து தமக்கு இந்த யோசனை கிடைத்தது என்று சொல்லியிருக்கிறார். ஆக, கீழை ஞானம் என்று மேற்கு வியந்து வாங்கிக்கொண்ட சரக்கின் ஒரு வேர் அமெரிக்க மளிகைக் கடையில் இருக்கிறது.

இதில் ஒரு பாடம் உண்டு. ஜப்பானியர்கள் ஜென் சூத்திரங்களிலிருந்து கான்பானை வருவித்துக்கொள்ளவில்லை. வேலை நடக்கும் இடத்துக்குப் போய், கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அங்கிருந்து யோசித்தார்கள். சிந்தனை என்பது நூலில் மட்டும் கிடப்பதில்லை, தொழிலிலும் கிடக்கிறது. நம்மிடம் இருந்த தொழில்களில், தகவலையே தொழிலாகக் கொண்டது ஒன்று உண்டு. அது ஊர்க் கணக்கு.

3

ஊர்க் கணக்கை நாம் ஏளனத்தோடு பார்க்கப் பழகியிருக்கிறோம். கர்ணம் என்றதும் சினிமாவில் வரும் கட்டுக்குடுமியும் மூக்குக்கண்ணாடியும் சூழ்ச்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. சற்றுப் பின்னோக்கிப் போனால் வேறு சித்திரம் கிடைக்கிறது. சோழர் காலத்தில் ஒரு தானம் எழுத்தில் ஏற எத்தனை கை மாற வேண்டியிருந்தது என்பதை ஆனைமங்கலச் செப்பேட்டில் காணலாம். அரசன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுகிறான். ஓலைநாயகங்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் ஏற்றுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்காமல் எதுவும் உண்மையாவதில்லை. இன்று எங்கள் வங்கிகளில் ஒருவர் பதிவு செய்ய மற்றொருவர் அங்கீகரிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் வற்புறுத்துவதும் இந்தக் கொள்கையின்பாற்பட்டதுதான்.

ஆற்காட்டோடு தொடர்புடைய சான்று இன்னும் துலக்கமானது. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த செங்கல்பட்டுப் பகுதியில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினீயர் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய கணக்குகளே அதற்கு ஆதாரம். அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கங்களைச் சென்னை ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தவர் தரம்பால். திருப்போரூர், வடக்குப்பட்டுக் கணக்குகள் அச்சிலும் வந்திருக்கின்றன.

இவ்வோலைகளில் என்ன இருக்கிறது? வீடுகள், ஏரிகள், நிலம், மானியம். அதன் பிறகு, களத்தில் நெல் குவிந்ததும் யார் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடு. தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், தலையாரி, கணக்கன், கோயில், ஏரி, தாசி, வெட்டியான் என்று ஒவ்வொருவர் பேருக்கும் கலமும் மரக்காலுமாக அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பங்குக்கு அன்றைய பெயர் சுதந்திரம். பின்னால் ஒரு தேசமே வேறு பொருளில் முழங்கிய சொல், களத்து மேட்டில் ஒருவனுக்கு உரிய நெல்லின் பெயராக இருந்திருக்கிறது.

ஒரு தகவல் அமைப்பை வகுக்கிறவனின் முதல் கேள்வி, எதை அலகாகக் கொள்வது என்பது. ஓலைக் கணக்கு உறவை அலகாகக் கொண்டது. இன்னார் இன்னதைச் செய்கிறார், ஆகவே விளைச்சலில் இன்ன அளவு அவரைச் சேரும் என்பது அதன் வாக்கிய அமைப்பு. நிலத்தை உடையவன் ஒருவன், மற்றவர் கூலிக்காரர் என்ற பிரிவினை அதில் இவ்வளவு கூர்மையாக இல்லை. கீழைச் சிந்தனை என்று ஒன்றை நான் ஒப்புக்கொள்வதாயிருந்தால் இதைத்தான் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் அதே ஓலையைத் திருப்பியும் பார்க்க வேண்டும். பறையருக்கும் அதில் பங்கு உண்டு. பங்கோடு கட்டும் உண்டு. உறவு நிச்சயிக்கப்பட்டிருந்தது என்றால் இடமும் நிச்சயிக்கப்பட்டிருந்தது என்று பொருள். கணக்கு எழுதப் படித்தவர் யார்? திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து, எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி, காணி, மா, வீசம் என்று மனத்தில் ஏற்றிக்கொண்டவர்கள். 320-ல் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியின் 320-ல் ஒரு பங்கு கீழ்முந்திரி. இவ்வளவு நுட்பத்தையும் காகிதமின்றி மனத்தில் பெருக்கிக் காட்டும் பயிற்சி அது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் இந்த உலகத்துப் பாடநூல். இக்கல்வியில் நினைவாற்றல் வெறும் மனப்பாடமாக இருக்கவில்லை, ஒரு சிந்தனை முறையாகவே இருந்தது என்று செந்தில் பாபு தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடமில்லை என்பதும் அந்த ஆய்வுலகத்தின் ஒரு பகுதிதான். கணக்கில் தன் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று தானே படித்துப் பார்க்க முடியாதவனுக்கு, கணக்கின் நுட்பத்தால் ஆவதென்ன?

4

ஓலையிலிருந்து பட்டாவுக்கு வந்த மாற்றம் நம் பக்கத்தில்தான் தொடங்கியது. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. திருப்பத்தூரும் வாணியம்பாடியும் அதில் சேர்ந்தவை. அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் நேராகத் தீர்வை பேசினார்கள். ரயத்துவாரி அங்கே உருவெடுத்தது. ஒரு வயலுக்கு ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரு பேர், ஒரு பேருக்கு ஒரு தொகை. பின்னாளில் கம்ப்யூட்டரில் ஏறப்போகும் அட்டவணை அன்றே தயாராகிவிட்டது. தச்சனும் நாவிதனும் தலையாரியும் அந்த வரியிலிருந்து வெளியேறினார்கள். உறவு இருந்த இடத்தில் உடைமை வந்து அமர்ந்தது.

எழுத்தின் அதிகாரமும் மாறியது. பவானி ராமன் 2012-ல் வெளியிட்ட நூல், கம்பெனி ஆட்சி கணக்கர்களின் திறமையை நம்பியே நடந்தது, அதே சமயம் அவர்களை ஒவ்வொரு வரியிலும் சந்தேகித்தது என்று காட்டுகிறது. கையெழுத்து, முத்திரை, சாட்சி, நகல் என்று காகிதம் பெருகியது. மனிதன் மேல் வைத்திருந்த நம்பிக்கை காகிதத்தின் மேல் போயிற்று; காகிதம் பெருகியதும் பொய்க் காகிதமும் பெருகியது.

இங்கே சொற்களைக் கவனிப்பது நல்லது. அடங்கல் தமிழ். பட்டா வடசொல் வழி வந்தது. சிட்டா வடக்கிலிருந்து இறங்கியது. ஜமாபந்தி பாரசீகம். தாலுக்கா, பிர்க்கா, பசலி எல்லாம் அரபி மூலம். பசலி, அக்பர் காலத்தில் ஏற்பட்ட அறுவடை ஆண்டுக் கணக்கு. தமிழ்நாட்டு வருவாய்த்துறை அதை விட்டுவிடவில்லை, 2024 ஜூலை 1-ல் பசலி 1434 பிறந்தது. பீஜப்பூர், மராட்டிய, முகலாய ஆட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுச்சென்ற இந்தச் சொற்படிவு ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் இறுகிப்போயிற்று; கம்பெனி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தூய கீழை மரபைத் தேடி இந்தப் பதிவேட்டைப் புரட்டுகிறவனுக்கு ஏமாற்றம்தான் காத்திருக்கிறது. நம் கீழை ஆற்காடு போன்றது. யார் யாரோ வந்து தங்கிப் போன ஊர்.

5

அடங்கலைப் பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஊர்க் கணக்குகள் எண்ணிடப்பட்டவை. இரண்டாம் எண் கணக்கு அடங்கல். ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே, பரப்பு, தீர்வை, பட்டாதாரர், இந்தப் போகத்தில் என்ன பயிர், எதிலிருந்து பாய்ச்சல் என்று கட்டங்கள். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். மற்ற பதிவேடுகள் யாருக்குச் சொந்தம் என்று சொல்கின்றன. அடங்கல் இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒருவன் வரப்பில் நடக்க வேண்டும். ஓனோவின் தொழிற்சாலை விதியை ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நம் கணக்கிலேயே அது எழுதாத விதியாக இருந்தது. பசலி முடிவில் ஜமாபந்தி. ஊர்க் கணக்குகள் அத்தனையும் தாலுக்கா அலுவலகத்தில் மேலதிகாரி முன் விரிக்கப்படும். குடிகள் மனுவோடு வந்து நிற்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கும் கணக்குக்கு உரியவனும் நேருக்கு நேர் சந்திக்கும் ஏற்பாடு அது. இன்று சடங்காகத் தேய்ந்து போயிருந்தாலும், அதை வகுத்த யோசனை சிறியதல்ல.

இந்த அமைப்பில் தீராத ஒரு நோய் இருந்தது. கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தது. தகப்பனுக்குப் பின் மகன். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் ஒரே நாளில் போயின. 1982-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. செய்ய வேண்டிய காரியம், தாமதமாகவே செய்யப்பட்டது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், கிராமங்களில் யுடிஆர் என்று வழங்குவது, 1979-ல் தொடங்கி 1987-ல் முடிந்தது. பட்டாக்களைப் புதுப்பித்து, இருக்கிறவன் பேருக்கு நிலத்தைப் பதிவு செய்யும் பெருமுயற்சி. எந்த வயல் யாரிடமிருந்து யாருக்கு வாய்மொழியாகப் போயிற்று, எந்தப் பாகப்பிரிவினை எழுத்தில் ஏறவில்லை என்பதெல்லாம் எவன் மூளையில் இருந்ததோ அவன் அதன் நடுவிலேயே வெளியேற்றப்பட்டான். அந்த மூளையிலிருந்ததை எழுதி வாங்க ஒரு வழி வகுக்கப்படவில்லை. யுடிஆர் பிழை என்ற சொற்றொடர் இன்றும் தாலுக்கா அலுவலகங்களில் நாள்தோறும் கேட்கிறது. பின்னால் கம்ப்யூட்டரில் ஏறியவை இத்திட்டம் விட்டுச்சென்ற பதிவேடுகள். நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் மத்திய அரசுத் திட்டம் 1988-89-ல் தொடங்கியது. இங்கே அது தமிழ்நிலம் என்ற பெயரில் வளர்ந்து, பட்டாவும் சிட்டாவும் எவர் வீட்டிலும் திரையில் தெரியும் நிலை வந்திருக்கிறது. கர்ணத்தின் வாசலில் கைகட்டி நின்றவனின் பேரன் இன்று ஒரு கடையில் சில ரூபாய் கொடுத்துத் தன் பட்டாவை அச்செடுத்துக்கொண்டு போகிறான். இதை ஒரு விடுதலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

தயக்கம் வேறிடத்தில். பயிர்க் கடனுக்கு அடங்கல் கேட்கிறோம். காகிதத்தில் கரும்பு நிற்கிறது. வயலில் முள் நிற்கிறது. காகிதமா வயலா என்று வந்தால் எங்கள் கோப்புக்குக் காகிதம் போதும். கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டத்தை ஆராய்ந்த சாலமன் பெஞ்சமினும் அவர் கூட்டாளிகளும் 2007-ல் ஒன்றைச் சுட்டினார்கள். பதிவேட்டைக் கிராமத்திலிருந்து தாலுக்காவுக்கு எடுத்துப்போனதால், பெங்களூரைச் சுற்றிப் பெரும் நில வியாபாரிகளுக்கே காரியம் எளிதாயிற்று. சிறிய லஞ்சம் பெரிய லஞ்சமாயிற்று என்பது அவர்கள் முடிவு. வெளிச்சம் எல்லோர் மேலும் விழுகிறது. அதை வைத்துப் படிக்கத் தெரிந்தவனுக்கே அது பயன்படுகிறது. திண்ணைப் பள்ளியின் பிரச்னை வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

6

குறிப்பு என்ற அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வருவோம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் தொழில் வளர்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று. 1970-களில் பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலை ஊக்குவித்தபோது குரோமியப் பதனிடல் பெருகியது. கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர்த் தீர்ப்பு, மாசுபடுத்தியவனே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. பாதிக்கப்பட்டவர் யார், எவ்வளவு என்று கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே ஆற்றைப் பற்றி, இதே ஈட்டுத்தொகையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

உப்பேறிப் பயிர் கருகிய வயலைப் பதிவேடு எப்படிச் சொல்லும்? நிலப் பயன்பாட்டுக்கு அரசு ஒன்பது வகைகளை வைத்திருக்கிறது. நடப்புத் தரிசு, பிற தரிசு, சாகுபடிக்கு உதவாதது என்று அவற்றில் சில. மழை பொய்த்துப் போட்டதும் தரிசு. மகன் பட்டணம் போனதால் போட்டதும் தரிசு. தோல் ஷாப்புக் கழிவால் செத்ததும் தரிசு. வயல் ஏன் தரிசானது என்பதற்கு வகை கிடையாது. அதை ஒருவன் எழுதுவதென்றால் குறிப்பில்தான் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் எண்ணையும் பேரையும் கூட்டும், தேடும், தொகுக்கும். குறிப்பை அது கூட்டாது. கூட்டப்படாதது அறிக்கையில் வராது. அறிக்கையில் வராதது நடக்காததாகிவிடும்.

பஞ்சமி நிலத்தின் கதையும் இதுவே. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்கள் நிலம் பெறுவதை மிராசுதார்கள் எப்படித் தடுக்கிறார்கள் என்று எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. வெளியாருக்குக் கைமாறக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அந்த நிபந்தனை இருந்த இடமும் பதிவேட்டின் ஒரு ஓரம்தான். எத்தனையோ நிலங்கள் கைமாறின. 1994-ல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஓரத்தில் இருந்த ஒரு குறிப்புக்காக உயிர் போகும் என்றால், அது குறிப்பா, அதுதான் கணக்கா?

2019-ல் தமிழ்க் கணக்குக் குறியீடுகளில் 51 யூனிகோடில் சேர்க்கப்பட்டன. குறுணி, பதக்கு, குழி, வேலி, நஞ்சை, புஞ்சை எல்லாவற்றுக்கும் இனி கம்ப்யூட்டரில் இடமுண்டு. பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. பொதுமேடையில் இது மரபின் வெற்றி என்று பேசப்படும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. குறியீடு வந்துவிட்டது, அதை எழுதிய சமூக ஏற்பாடு வரவில்லை. அது முழுவதும் வரவும் வேண்டாம்.

7

மரபு வாரிசுரிமையாக வராது, உழைத்துத்தான் பெற வேண்டும் என்பது எலியட் 1919-ல் சொன்ன கருத்து. நம் வட்டத்தில் கவிதையைப் பற்றிப் பேசும்போது இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். கர்ணத்தின் மகன் கர்ணமான கதை, வாரிசாக வந்த மரபின் கதை. சமஸ்கிருதமும் தொல்காப்பியமும் கம்ப்யூட்டருக்கு முன்னோடி என்று மார்தட்டுவதும் ஒரு வாரிசுச் சண்டையே. அதில் உழைப்பு இல்லை.

உழைத்துப் பெறுவதென்றால், தகவல் அமைப்பு கட்டுகிறவன் நம் ஊர்க் கணக்கிலிருந்து மூன்றை எடுத்துக்கொள்ளலாம். உடைமைக்கு முன் உறவைக் கேட்பது. எழுதுமுன் வரப்பில் நடப்பது. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைக் குடிகள் முன் விரித்து உரக்கப் படிப்பது. விட்டுவிட வேண்டியது ஒன்று: கணக்குத் தெரிந்தவனுக்கும் கணக்கில் எழுதப்பட்டவனுக்கும் இடையே இருந்த திண்ணை. அந்தத் திண்ணை இன்னும் இடிபடவில்லை. கண்ணாடித் திரையாக மாறி, நடுவில் நிற்கிறது. பட்டாதாரன் திரையைப் பார்க்கலாம், தொடக் கூடாது. தன் வயலுக்கு எதிரே உள்ள குறிப்புக் கட்டத்தில் ஆற்றில் என்ன வந்தது என்று அவனே எழுத முடிகிற நாளில், கீழைச் சிந்தனை பற்றி நாம் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம்.